பிளாக்மெயில்: இந்த ‘மெயில்’ தபால் இல்லை

தமிழ் சினிமா வில்லன்களின் புண்ணியத்தில், பிளாக்மெயில் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கவர், உள்ளே சில போட்டோக்கள், பின்னாலேயே ஒரு போன் கால். வீட்டில் “நீ இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கலேன்னா நான் சாப்பிட மாட்டேன்” என்று அம்மா சொன்னால்கூட அதற்கும் ‘எமோஷனல் பிளாக்மெயில்’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

சொல்லைப் பிரித்தால் பிளாக், மெயில். கறுப்பு, தபால். மிரட்டல் கடிதம் தபாலில்தானே வரும், கெட்ட கடிதம் என்பதால் கறுப்பு என்று சொல்லியிருப்பார்கள் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிலும் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். விளக்கம் கச்சிதமாகத்தான் இருக்கிறது, காலக்கணக்குதான் இடிக்கிறது. பிளாக்மெயில் என்ற சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது. மெயில் என்ற சொல்லுக்குத் தபால் என்ற பொருள் ஆங்கிலத்தில் வந்ததோ 17ஆம் நூற்றாண்டில். பிள்ளை முதலில், தாய் பிறகு என்றால் எப்படி?

இங்கே கூட்டுச்சொல் பற்றி ஒரு சின்ன விஷயம். இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரே பெயராகிவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பெயர் தன் பாட்டுக்கு வாழ ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்தில் பிளாக்போர்டு பச்சையாகவும் இருக்கலாம். பிளாக்பேர்டு என்ற பறவையில் பெட்டை பழுப்பு நிறம். இன்னொன்றும் நடக்கும்: கூட்டுக்குள் இருக்கும் ஒரு சொல் வெளியே வழக்கொழிந்து போகும், உள்ளே மட்டும் உயிரோடு இருக்கும். கெட்ட கனவைக் குறிக்கும் நைட்மேர் அப்படிப்பட்டது. அதில் வரும் ‘மேர்’ பெண் குதிரை அல்ல. தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை அடைக்கும் ஒரு பேய்க்குப் பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயர். பேயை மறந்துவிட்டார்கள், குதிரை மட்டும் நினைவில் இருக்கிறது. பிளாக்மெயிலின் மெயிலும் இதே கதைதான்.

ஆங்கிலத்தில் ‘mail’ என்று எழுதும் சொற்கள் மூன்று உண்டு. மூன்றுக்கும் உறவு கிடையாது. முதலாவது நமக்குத் தெரிந்த தபால். பழைய பிரெஞ்சில் பை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பையைக் குறித்த சொல் கடிதப் பையைக் குறித்து, அப்புறம் கடிதத்தையே குறித்தது. தபால் பைகளைச் சுமந்து ஓடியதால்தான் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை போன ரயிலுக்கு போட் மெயில் என்று பெயர். இரண்டாவது, அந்தக் காலத்து வீரர்கள் போட்டுக்கொண்ட இரும்பு வளையக் கவசம். அது வலைக்கண் என்று பொருள்படும் வேறொரு பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.

மூன்றாவதுதான் நம் ஆள். அது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வரவில்லை, வைக்கிங்குகளிடமிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டு முதல் வட இங்கிலாந்தில் குடியேறிய அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘மால்’ என்றால் பேச்சு. பேசி முடிவு செய்த ஒப்பந்தத்துக்கும் அதுவே பெயர். நம் ஊரிலும் “ரேட் பேசி முடிச்சாச்சு” என்றால் ஒப்பந்தம் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? சட்டத்தைக் குறிக்கும் ‘லா’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே நார்ஸ் மொழியிலிருந்து வந்ததுதான். கொள்ளைக்காரர்கள் என்று பேர் வாங்கியவர்கள் விட்டுப்போன சொற்களைப் பாருங்கள்!

மால் என்ற சொல் ஒப்பந்தத்திலிருந்து, ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய பணத்துக்கு நகர்ந்தது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் அது ‘மெயில்’ ஆகி, வாடகை, குத்தகை, வாரம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுப் பெயரானது. மாடு மேய்க்கும் புல்வெளிக்குக் கட்டுவது புல் மெயில். குத்தகைக்காரனுக்கு மெயிலர் என்று பெயர். ஆக, பிளாக்மெயில் என்றால் சொல்லுக்குச் சொல் கறுப்புக் குத்தகை.

சரி, யார் யாருக்குக் கட்டிய குத்தகை?

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே உள்ள எல்லை கிழக்கே பெரிக் ஊரிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை சுமார் 150 கிலோமீட்டர் நீளம். 1296ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்து மீது படையெடுத்தார். அதிலிருந்து 300 ஆண்டுகள் இரண்டு நாடுகளும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டன. போகிற படையும் கொளுத்தும், திரும்பி வருகிற படையும் கொளுத்தும். அந்த நிலத்தில் எவன் பயிர் வைப்பான்? நின்ற இடத்தில் எரிவது பயிர், ஓட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்பது மாடு. அதனால் எல்லையோர மக்களுக்கு மாடுதான் சொத்து. ஓட்டிக்கொண்டு ஓட முடிகிற சொத்தை இன்னொருவனும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் சிக்கல்.

அப்படி ஓட்டிக்கொண்டு போனவர்களுக்கு ரீவர்கள் என்று பெயர். ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம், நிக்சன், ஜான்ஸ்டன், கெர் என்று குடும்பப் பெயர் சொல்லிக் கூட்டமாகக் குதிரையில் போவார்கள். அறுவடை முடிந்து இரவு நீள ஆரம்பித்ததும் வேலை தொடங்கும். கோடையில் மேய்ந்த மாடுகள் அப்போதுதான் தூரம் நடக்கிற தெம்போடு இருக்கும். ஸ்காட்லாந்துக்காரன் இங்கிலாந்தில் திருடினான், இங்கிலாந்துக்காரன் ஸ்காட்லாந்தில் திருடினான் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. பக்கத்துக் குடும்பத்தின் மீது பழைய பகை இருந்தால் தன் நாட்டுக்காரன் மாட்டையும் ஓட்டினார்கள். எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களும் ஏராளம்.

எல்லையை இரு பக்கமும் மூன்று மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியை நியமித்திருந்தார்கள். எல்லைக்கென்று தனிச் சட்டமும் இருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவன் ஆறு நாட்களுக்குள் ஆள் சேர்த்துக்கொண்டு, வேட்டை நாயோடும் ஊதுகொம்போடும் எல்லை தாண்டித் துரத்தலாம். ஈட்டி முனையில் எரியும் கரிமண் கட்டியைக் குத்திக்கொண்டு போக வேண்டும். ‘நான் திருடப் போகவில்லை, திருடனைத் தேடிப் போகிறேன்’ என்பதற்கு அதுதான் அடையாளம்.

துரத்திப் போக ஆள்பலம் வேண்டும். சாதாரணக் குடியானவனுக்கு அது எங்கே இருக்கிறது? அவனுக்கு ஒரே ஒரு வழி: பக்கத்தில் இருக்கிற பலசாலிக் குடும்பத்தின் தலைவனிடம் போய் ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பது. பணமாகக் கொடுக்கலாம், தானியமாகவோ மாடாகவோ கொடுக்கலாம். பதிலுக்குத் தலைவனின் ஆட்கள் இவன் தொழுவத்தைத் தொட மாட்டார்கள். வேறு யாராவது தொட்டால் மீட்டுத் தருவார்கள். கட்ட மறுத்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரனுக்குக் கட்டுவது மெயில். அதற்கு மேல் இந்தத் தலைவனுக்குக் கட்டுவது பிளாக்மெயில்.

கவனித்தீர்களா, இதில் ரகசியம் எதுவும் இல்லை. போட்டோ இல்லை, கடிதம் இல்லை. ஊரறிய நடந்த வசூல். இன்றைய பிளாக்மெயிலைவிட, கடைத்தெருவில் ரவுடிகள் வசூலிக்கும் மாமூலுக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். பாதுகாப்பு தருகிறேன் என்பவனும் ஆபத்தாக இருப்பவனும் ஒரே ஆள்.

கறுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் வெள்ளிக் காசாகக் கட்டிய குத்தகைக்கு வெள்ளைக் குத்தகை என்று பெயர் இருந்தது. தானியமாகவும் மாடாகவும் கட்டியது அதற்கு எதிரான கறுப்பு என்பது ஒன்று. கறுப்பு என்றால் முறையற்றது, கெட்டது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. பிளாக்மெயிலைக் காசாகவும் வாங்கியிருக்கிறார்களே! காசாக வாங்கியபோது மட்டும் அதை யாரும் வெள்ளை என்று சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் கில்நாக்கியைச் சேர்ந்த ஜானி ஆம்ஸ்ட்ராங். இங்கிலாந்துக்குள் வெகு தூரம் வரை அவருக்குக் கப்பம் போனது. அவருடைய செல்வாக்கு ஸ்காட்லாந்து மன்னருக்கே உறுத்தியது. 1530ல் ஐந்தாம் ஜேம்ஸ் படையோடு வந்து, அவரையும் கூட வந்தவர்களையும் பிடித்துத் தூக்கில் போட்டார். அதற்கு முன்பே, 1525ல், கிளாஸ்கோவின் பேராயர் கவின் டன்பார் ரீவர்கள் மீது ஒரு நீண்ட சாபம் விட்டிருந்தார். தலை, தலைமயிர், மூளை, மூக்கு, நாக்கு, பல் என்று உறுப்பு உறுப்பாகச் சபித்து, நடந்தாலும் நின்றாலும் உண்டாலும் குடித்தாலும் விடாதே என்று போகும் அது. நம் கிராமத்துப் பாட்டிகள் மண்ணை வாரித் தூற்றுவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கார்லைல் நகரத்தில் 2001ல் இந்தச் சாபத்தின் ஒரு பகுதியைப் பாறையில் செதுக்கிக் கலைப்பொருளாக வைத்தார்கள். அந்த ஆண்டே அந்தப் பகுதியில் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியது, 2005ல் ஊருக்குள் வெள்ளம் வந்தது. கல்தான் காரணம், அகற்றுங்கள் என்று நகராட்சியில் தீர்மானமே வந்தது. தோற்றுப்போனது. கல் அங்கேயே இருக்கிறது.

அதே ஆம்ஸ்ட்ராங் பெயரைத் தாங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவுக்குப் போய் வந்த பிறகு, 1972ல், ஆம்ஸ்ட்ராங்குகளின் சொந்தச் சீமையான லாங்கம் ஊருக்கு வந்தார். ஊர் அவருக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் தந்தது. நிலவில் நின்றவரிடம் வெள்ளை மாளிகையிலிருந்து போனில் பேசியவர் நிக்சன். மாடு திருடிய குடும்பப் பெயர்கள் இரண்டு அப்படிப் பேசிக்கொண்டன என்று எல்லையோரத்துக்காரர்கள் பெருமையாகவே சொல்லலாம்.

மீண்டும் சொல்லுக்கு வருவோம். 1601ல் எலிசபெத் ராணியின் ஆட்சியில், கம்பர்லாந்து, நார்தம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து, டரம் ஆகிய வட மாவட்டங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. பிளாக்மெயில் என்று பெயர் சொல்லியே அதைத் தடை செய்தார்கள். வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் மரண தண்டனைக்குரிய குற்றம். பயந்து கொடுத்த குடியானவனையும் ஏன் தூக்கில் போட வேண்டும் என்று தோன்றும். அரசாங்கத்தின் பார்வையில், பாதுகாப்புக்காக இன்னொருவனுக்குக் காசு கட்டுகிறவன் அரசன் ஒருவன் இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவன். அந்த அரசனால் காப்பாற்ற முடியவில்லையே என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

இரண்டே ஆண்டுகளில் கதை மாறியது. 1603ல் எலிசபெத் இறந்ததும் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். எல்லையே நாட்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஓடி ஒளிய எதிர்ப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போனது. தூக்கு, நாடு கடத்தல் என்று சில ஆண்டுகளில் ரீவர்களை ஒடுக்கினார்கள். கிரஹாம் குடும்பத்தாரில் பலரை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள்.

ஆனால் சொல் சாகவில்லை, வடக்கே மலைநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியில் மலையிலிருந்து இறங்கி வந்து சமவெளி மாடுகளை ஓட்டிப் போவது 18ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. காவல் காக்கிறேன் என்று சொல்லி அங்கே பிளாக்மெயில் வாங்கியவர்களில் பேர்போனவர் 1734ல் இறந்த ராப் ராய் மெக்ரெகர். அவருடைய அண்ணன் மகன் ஒருவர் 1741ல் நில உடைமையாளர்களோடு எழுத்து மூலமாகவே ஒப்பந்தம் போட்டார். நிலத்தின் வாடகை மதிப்பில் 100 பவுண்டுக்கு 4 பவுண்டு கட்டினால், களவு போன மாடுகளை மீட்டுத் தருவார், முடியாவிட்டால் விலையைத் தருவார். சில்லறைத் திருட்டு கணக்கில் வராது என்ற ஷரத்தும் உண்டு. இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரியே இருக்கிறது! மெக்ரெகர் என்ற பெயரை வைத்துக்கொள்வதே அப்போது சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்ததால், அவர் கிரஹாம் என்று கையெழுத்துப் போட்டார்.

அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? 1725ல் அதே மலைநாட்டு ஆட்களைச் சம்பளத்துக்கு எடுத்து, மாட்டுத் திருட்டைத் தடுக்கக் காவல் படைகள் அமைத்தது. பிளாக் வாட்ச் என்ற புகழ்பெற்ற ராணுவப் பிரிவு அதிலிருந்துதான் பிறந்தது. ஒரே வேலை. தலைவனுக்காகச் செய்தால் குற்றம், அரசருக்காகச் செய்தால் உத்தியோகம்.

இந்த இடத்தில் கதை நம் பக்கமும் ஒரு எட்டு வந்து போகிறது. மராட்டியர்கள் வருவாயில் நாலில் ஒரு பங்காக வாங்கிய சௌத் வரியை ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் பிளாக்மெயில் என்று எழுதினார்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் இருந்த காவல் முறைக்கும் அதே சொல்லைப் போட்டார்கள். ஊரைக் காக்கிறவர்களுக்கு விளைச்சலில் ஒரு பங்கு. திருட்டுப் போனால் அவர்கள் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். மாடு களவு போனால் துப்புக் கூலி கொடுத்து மீட்பதும் வழக்கத்தில் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிக்கு இது தன் ஊர்க் கதையாகவே தெரிந்திருக்கும். ஒற்றுமை இருந்தது உண்மைதான். ஆனால் காவல் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை, பாளையக்காரர் காலத்து ஆட்சி முறையின் ஒரு பகுதி. பாளையக்காரர்களை அடக்கிய பிறகு அந்த உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள நினைத்த கம்பெனிக்கு, பிளாக்மெயில் என்ற பெயர் ரொம்ப வசதியாக இருந்திருக்கும்.

அப்புறம் எப்படி மாடு போய் ரகசியம் வந்தது? 1746ல் கலோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்ற பிறகு, பழைய அர்த்தத்தில் பிளாக்மெயில் வாங்க ஆளே இல்லாமல் போனது. சொல் மட்டும் மிச்சம் இருந்தது. வால்டர் ஸ்காட்டின் நாவல்கள் மலைநாட்டுக் கொள்ளைக் கதைகளோடு அதை ஆங்கிலம் படிக்கிற ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோயின. அதே 19ஆம் நூற்றாண்டில் நகரங்களில் வேறொரு வகைச் சொத்து முளைத்திருந்தது: மானம், மரியாதை, நல்ல பெயர். செய்தித்தாள் பெருகியதால் அதை ஒரே நாளில் அழித்துவிடவும் முடிந்தது. உன்னைப் பற்றி எழுதுவேன், எழுதாமலிருக்கக் காசு கொடு என்று மிரட்டும் கூட்டம் கிளம்பியது. மிரட்டி வாங்குகிற காசுக்குக் கைவசம் ஒரு சொல் இருந்தது, அதை இதற்கும் சூட்டிவிட்டார்கள். அதுவரை வசூலாகும் பணத்தைக் குறித்த பெயர், மிரட்டும் செயலைக் குறித்தது. வினைச்சொல்லாகவும் புழங்க ஆரம்பித்தது. 1840ல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் வசதியும் வந்துவிட்டதால், மிரட்டல்கள் தபாலில் வர, கறுப்புத் தபால் என்ற தப்பான விளக்கத்துக்கும் தெம்பு கூடியிருக்கும்.

1885ல் பிரிட்டன் ஆண்களுக்கு இடையிலான பாலுறவைப் பரவலாகக் குற்றமாக்கி ஒரு சட்டப்பிரிவு கொண்டுவந்தது. அதற்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் ‘பிளாக்மெயில்காரர்களின் சாசனம்’. சட்டமே ஆயிரக்கணக்கானவர்களின் தனி வாழ்க்கையை விலை பேசக்கூடிய ரகசியமாக மாற்றிக் கொடுத்தது. பழைய எல்லையில் பலவீனமான அரசால் வளர்ந்த தொழில், இங்கே அளவுக்கு மீறி மூக்கை நுழைத்த அரசால் வளர்ந்தது.

இங்கிலாந்தில் இன்றைய குற்றத்துக்குப் பிளாக்மெயில் என்ற பெயர் சட்டப்படி தெளிவாக நிலைத்தது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில். அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. இந்தியச் சட்டம் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 383ஆவது பிரிவு இதை மிரட்டிப் பறித்தல் என்ற வகையில் வைத்தது. ஆனால் அந்தப் பிரிவுக்குக் கீழே கொடுத்த முதல் எடுத்துக்காட்டே இதுதான்: பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி அவதூறு வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டி வாங்குகிறான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 308ஆவது பிரிவு.

இதற்குள் மெயில் என்ற பாதிக்கு அதன் பழைய குத்தகை அர்த்தம் அடியோடு மறந்துபோய், மிரட்டல் என்ற அர்த்தமே ஒட்டிக்கொண்டது. 1980களில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஒரு தந்திரம் பரவியது. ஒரு கம்பெனியின் பங்குகளைக் கணிசமாக வாங்கிக் குவித்துவிட்டு, கம்பெனியையே கைப்பற்றப் போவதாக மிரட்டுவது. பயந்த நிர்வாகம் அந்தப் பங்குகளைச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துத் திரும்ப வாங்கும். டாலர் நோட்டின் பச்சையைச் சேர்த்து இதற்கு கிரீன்மெயில் என்று பெயர் வைத்தார்கள். 1987ல் அமெரிக்க நாடாளுமன்றம் கிரீன்மெயில் லாபத்தின் மீது 50 சதவீத வரி போட்டது. எலிசபெத் ராணியின் சட்டம் போல, கொடுத்தவரைத் தண்டிக்கும் எண்ணம் அவர்களுக்கு வரவில்லை.